பழைய ஜிப்சி: லிஃப்ட் போடுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை

கேள்வி சுருக்கமாக இது. வண்டி 2004 மாடல் மாருதி ஜிப்சி கிங், எம்பிஎஃப்ஐ (பெட்ரோலைக் கம்ப்யூட்டர் அளந்து தெளிக்கும் எஞ்சின்), சாஃப்ட் டாப். 60 கிலோமீட்டர் வேகத்தில் சின்னப் பள்ளத்தில் விழுந்து எழுந்தாலே ஸ்டியரிங் கையை விட்டுப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி உதறுகிறது. இடது முன்சக்கரத்தின் உள்பக்கம் கறுப்பாக எண்ணெய் வடிகிறது. மெக்கானிக் ஸ்டியரிங் பாக்ஸை டைட் வைத்துக் கொடுத்தார். இரண்டு நாளில் பழையபடி ஆகிவிட்டது. இதைச் சரிசெய்யும் கையோடு 4 இன்ச் லிஃப்ட் (வண்டியை உயர்த்தும் மாற்றம்), 235 டயர், இரும்பு பம்பர், வின்ச் (சிக்கிய வண்டியை இழுக்கும் மோட்டார் உருளை) எல்லாம் போட்டுவிடலாமா? எவ்வளவு வேலையை வீட்டிலேயே செய்துகொள்ளலாம்?

முக்கால்வாசி வேலையை வீட்டிலேயே செய்யலாம். லிஃப்ட், இரும்பு பம்பர், வின்ச் மூன்றும் வேண்டாம் என்பது என் கருத்து. ஜிப்சி மலையேறுவது எஞ்சின் பலத்தால் இல்லை. 1.3 லிட்டர், 80 குதிரைத்திறன், 103 நியூட்டன் மீட்டர் டார்க், அதுவும் 4500 ஆர்பிஎம்மில்தான் முழுசாகக் கிடைக்கும். அது ஏறுவதற்குக் காரணம் வண்டியின் எடை ஒரு டன்னை ஒட்டி இருப்பதும், இழுவையைப் பெருக்கும் லோ ரேஞ்ச் கியர் இருப்பதும்தான். பெரிய வண்டிகள் அச்சு வரை புதைகிற சேற்றில் ஜிப்சி மேலாக ஓடிப் போய்விடும். அந்த எடையைக் கூட்டுகிற எதுவும் வண்டியின் சிறந்த குணத்தைக் கெடுக்கிற செலவு. இருபது வருஷ வண்டிக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய முன்னேற்றம், அது கம்பெனியிலிருந்து வந்த நிலைக்குத் திரும்பக் கொண்டுவருவதுதான்.

உதறலிலிருந்தே ஆரம்பிப்போம். முன் இரண்டு சக்கரங்களையும் தூக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். ஹவுசிங்குக்கு (அச்சை மூடியிருக்கும் இரும்புக் கூடு) அடியில் ஸ்டாண்ட் வைத்து, பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்த பிறகுதான் குனிய வேண்டும். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லிவிட்டுத் திரும்ப ஆட்டுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் காணாமல் போனால் தேய்ந்தது வீல் பேரிங். அப்படியே இருந்தால் கிங்பின் பேரிங், அதாவது சக்கரம் இடம் வலம் திரும்ப அச்சாக இருக்கும் முளையின் பேரிங். பிரேக் பிடிக்கும்போது டிஸ்க்கும் நக்கிளும் (சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் முனைப்பகுதி) ஒன்றாகப் பூட்டிக்கொள்வதால், மிச்சமுள்ள ஆட்டம் நக்கிளுக்கு உள்ளே இருந்துதான் வர முடியும். அப்புறம் இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் டை ராட் எண்டின் (முன்சக்கரங்களைத் திருப்பும் கம்பியின் முனை) கதை தெரிந்துவிடும்.

ஆட்டமே தெரியாவிட்டாலும் கிங்பின்னைச் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிடாதீர்கள். நக்கிளின் மேலும் கீழும் ஒவ்வொரு சின்ன டேப்பர் பேரிங் இருக்கிறது. அது சற்று இறுக்கமாக உட்கார்ந்திருந்தால்தான் சக்கரம் அதிர ஆரம்பிக்கும்போதே அந்த இறுக்கம் அதிர்வை அடக்கும். வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் ரோலர்கள் ஒரே இடத்தில் இடித்து இடித்து, கப்பில் (பேரிங்கின் வெளி வளையம்) வரிசையாகக் கோடு கோடாகப் பள்ளம் விழுந்துவிடும். கழற்றிய கப்பைத் துடைத்துவிட்டு உள்பக்கம் நகத்தால் தடவினால் ஒவ்வொரு கோடும் நகத்தில் மாட்டும். பள்ளம் விழுந்த பிறகு இறுக்கம் போய்விடுகிறது. ஒரு குழியில் விழுந்ததும் ஆரம்பிக்கும் உதறலை நிறுத்த எதுவும் இல்லை. ஸ்டியரிங் பாக்ஸை இறுக்குவதால் இதில் ஒன்றும் நடக்காது. பாக்ஸ் நடுவில் பிடித்துக்கொண்டு சீக்கிரம் தேயும். நல்லதாக இருந்த ஒன்றும் கெட்டுப்போகும். அந்த அட்ஜஸ்ட்மென்ட் ஸ்குரூவை முதலில் பழைய இடத்துக்குத் தளர்த்தச் சொல்லுங்கள். புது ஸ்டியரிங் டேம்பர் போட்டால் கொஞ்ச நாள் உதறல் மறைந்திருக்கும், அவ்வளவுதான். டயர் பேலன்ஸிங்கும் பார்க்க வேண்டியதுதான். ஆனால் பள்ளத்தில் விழுந்ததும் ஆரம்பித்து, வேகத்தைக் குறைக்கும் வரை நிற்காத உதறலுக்கு அது மட்டுமே காரணமாக இருப்பது அபூர்வம்.

கறுப்பு எண்ணெயும் இதே இடத்து வேலை. நக்கிள் உருண்டைக்குள் இருக்க வேண்டியது கிரீஸ் மட்டும். ஹவுசிங் குழாயின் முனையில் உள்ள ஆயில் சீல், டிஃபரென்ஷியல் (அச்சின் நடுவில் இரு சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரிக்கும் கியர்) ஆயிலை அந்தப் பக்கமே தடுத்து நிறுத்துகிறது. அந்த சீல் போனால் ஆயில் உள்ளே வந்து கிரீஸைக் கரைத்து, வெளிப்புற ஃபெல்ட் சீல் வழியாகக் கறுப்புக் குழம்பாக வழியும். பார்க்கிறவர்கள் வெளி சீலை மட்டும் மாற்றிவிட்டு அனுப்புவார்கள்; மறுபடியும் வடியும். உள் சீல் ஏன் போனது என்றும் பார்க்க வேண்டும். ஹவுசிங் மேலே பிரீதர் என்ற சின்னக் காற்றுவழி இருக்கும். மண் அடைத்து அது மூடிக்கொண்டால், ஆயில் சூடாகும்போது உள்ளே காற்று விரிந்து வெளியேற வழியில்லாமல் சீலைத் தள்ளும். சீல் வாங்கப் போவதற்கு முன் பிரீதரைக் கழற்றி டீசலில் கழுவி ஊதிப் பாருங்கள்.

கிங்பின் பேரிங், உள் சீல், ஃபெல்ட் சீல் மூன்றுக்கும் ஒரே பிரிப்புதான். இரண்டு பக்கமும் சேர்த்தே செய்துவிடுங்கள். காலிப்பரைக் கழற்றிக் கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள், பிரேக் ஹோஸில் தொங்கக்கூடாது. ஹப் நட்டுக்கு அதற்குரிய சாக்கெட்டை வாங்குங்கள். உளி வைத்துத் தட்டிக் கழற்றிய நட் அடுத்த முறை சரியாக இறுகாது. ஹப்பும் அதைத் தாங்கும் ஸ்டப்பும் வந்த பிறகு ஆக்சில் ஷாஃப்டை நேராக இழுத்து எடுங்கள், பல்லால் சீலைக் கீறிவிடாமல். கிங்பின்களுக்கு அடியில் மெல்லிய ஷிம் தகடுகள் இருக்கும். மேல், கீழ், இடது, வலது என்று எழுதி ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கட்டி வையுங்கள். அவை கலந்துவிட்டால் அளவை முதலிலிருந்து பிடிக்க வேண்டிவரும். நக்கிளை வெளியே எடுக்கும்போது கீழ் பேரிங் நழுவி விழும், கையை வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கழுவிய பிறகு இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, வெளியே தெரியும் உருண்டையின் மேற்பரப்பு. துருக்குழி இருந்தால் நைஸ் எமரி போட்டுத் தேய்த்து வழவழப்பாக்குங்கள். சொரசொரப்பான உருண்டை புது ஃபெல்ட்டைச் சீக்கிரம் தின்றுவிடும். இன்னொன்று, ஆக்சில் ஷாஃப்டில் ஆயில் சீலின் உதடு ஓடும் இடம். அங்கே வரி விழுந்திருந்தால் எத்தனை புது சீல் போட்டாலும் கசியும். சீல் வேறு வரியில் ஓடும்படி ஒரு நூல் அளவு உள்ளே தள்ளி உட்கார வைக்க இடம் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் ஷாஃப்டை நல்ல லேத் பட்டறையில் காட்டி ஸ்லீவ் போடச் சொல்லலாம்.

புதுப் பேரிங்கைக் கப்போடு சேர்த்தே மாற்ற வேண்டும். சீல், ஷாஃப்ட் எதுவும் போடாமல், பேரிங்கும் கிங்பின்னும் மட்டும் பூட்டி, டை ராட் மாட்டும் துளையில் ஒரு ஸ்பிரிங் தராசைக் கொக்கி போட்டு இழுங்கள். நக்கிள் நகர ஆரம்பிக்கும்போது தராசு காட்டும் எடையை சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவோடு ஒப்பிட வேண்டும். லேசாக நகர்ந்தால் ஒரு ஷிம்மைக் குறையுங்கள், இறுக்கமாக இருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். ஷெட்டில் பெரும்பாலும் விட்டுப்போகிற படி இதுதான். பழைய ஷிம்மையே அப்படியே வைத்து மூடிவிடுவார்கள், உதறல் பாதிதான் குறையும். வீட்டில் நிதானமாகச் செய்கிறவருக்கு மெக்கானிக்கைவிட நல்ல பலன் கிடைக்கிற வேலை இது. நேரம் இருக்கிறது, அவசரம் இல்லை. ஒரு சனி ஞாயிறு ஒதுக்குங்கள்.

ஸ்பேர் வாங்கும்போது வருஷத்தைச் சொல்லி வாங்குங்கள். 1985-இல் 970 சிசி எஞ்சினோடு வந்த முதல் ஜிப்சியும் உங்களுடையதும் ஒரே மாதிரி தெரிந்தாலும் அடியில் வேறு. 1993-இல் இடது வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தை 90 மில்லிமீட்டர் கூட்டினார்கள். அதற்கு முந்தைய ஹவுசிங்கும் ஷாஃப்டும் உங்களுக்குச் சேராது. 1996-இல் 1.3 லிட்டர் எஞ்சினும் 5 கியரும் வந்தன, 2000-இல் எம்பிஎஃப்ஐ. உங்கள் எஞ்சின் எஸ்டீம் காரில் வந்த அதே குடும்பம் என்பதால் எஞ்சின் சாமான் கிடைப்பது பெரிய கஷ்டமில்லை. சென்னைப் புதுப்பேட்டையில் பழைய சாமான் தேடினால் ஹவுசிங், கியர்பாக்ஸ் மாதிரி பெரிய இரும்புகளை வாங்குங்கள். சீல், பேரிங், ஹோஸ், பிரேக் சாமான்கள் எப்போதும் புதுசு.

ஹவுசிங்கைத் திறந்த கையோடு டிஃபரென்ஷியல் ஆயிலையும் மாற்றிவிடுங்கள். ஊற்றுகிற பிளக் கழல்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வடிக்கிற பிளக்கைத் திறக்க வேண்டும். இல்லையென்றால் ஆயில் இல்லாத வண்டி நடு வாசலில் நிற்கும். டிஃபரென்ஷியலுக்கு ஜிஎல்-5 தர ஆயில். கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4, ஏனென்றால் ஜிஎல்-5இல் உள்ள கந்தகச் சேர்மங்கள் பித்தளை சிங்க்ரோனைசருக்கு ஆகாது. கடைக்காரர் இரண்டும் ஒன்றுதான் என்பார். டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்து வாங்குங்கள்.

பிரேக்கில் பேரம் பேசவே வேண்டாம். ரப்பர் ஹோஸ் அனைத்தும், பின் வீல் சிலிண்டர்கள், ஃபுளூயிட் மாற்றம். ஃபுளூயிட் ஈரத்தை இழுக்கும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றாத வண்டி நீண்ட மலை இறக்கத்தில் பெடல் அமுங்கி பிரேக் பிடிக்காமல் போகலாம். புது ஹோஸ் போட்டு, தூரத்தில் உள்ள சக்கரத்திலிருந்து காற்று எடுத்துக்கொண்டு வாருங்கள்.

ஜிப்சியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் அச்சுகளுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) கியர்பாக்ஸோடு ஒட்டி இருக்காது. தனியாக மூன்று ரப்பர் மவுண்ட்டில் தொங்கும், நடுவில் ஒரு குட்டி ஷாஃப்ட். கிளட்ச் விடும்போது அடியில் 'டொக்' என்று சத்தம் வந்தால் கிளட்ச் பிளேட்டைக் குறை சொல்வதற்கு முன் அந்த மவுண்ட்களைப் பாருங்கள். கடப்பாரையால் லேசாக நெம்பினாலே ரப்பர் கிழிந்திருப்பது வாயைத் திறந்து காட்டும். புரொப்பல்லர் ஷாஃப்ட் கழற்றும்போது இரண்டு பக்கமும் பெயின்ட்டால் கோடு போட்டு, அதே முகத்தில் பூட்டுங்கள். அதன் மூட்டுகளில் உள்ள கிராஸ்களுக்கு கிரீஸ் அடியுங்கள். துருப்பொடி சிவப்பாக வெளியே வந்தால் அந்தக் கிராஸ் முடிந்துபோனது.

பட்டை (லீஃப் ஸ்பிரிங்) புஷ் மாற்றுவதில் ஒரு சூட்சுமம். ஷேக்கிள் (பட்டையின் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் கொண்டி) போல்ட்களை வண்டியைத் தூக்கி வைத்துக்கொண்டு இறுதியாக இறுக்கக்கூடாது. சக்கரம் தரையில் நின்று வண்டியின் எடை பட்டையில் விழுந்த பிறகுதான் முழு டைட். தூக்கியிருக்கும்போதே இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து சில மாதத்தில் கிழியும், வண்டியும் தூக்கித் தூக்கிப் போடும்.

துருவைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். தரையில் போட்டிருக்கும் ரப்பர் மேட்டைத் தூக்குங்கள். டிரைவர் காலடி, பாடி மவுண்ட்டைச் சுற்றி, விண்ட்ஷீல்ட் ஃபிரேமின் கீழ் மூலைகள், பின்கதவுக்குக் கீழே: சாஃப்ட் டாப்பில் மழைத் தண்ணீர் போய் உட்காரும் இடங்கள் இவை. சின்னச் சுத்தியலால் சேஸிஸைத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், இத்துப்போன இடம் மந்தமாக. தகரத்தில் ஓட்டை விழுந்திருந்தால் நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுத்து, 18 கேஜ் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். துருவின்மேலேயே பட்டியும் பெயின்ட்டும் போட்டால் ஒரு மழைக்காலம்கூட நிற்காது. வெல்டிங்குக்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றி, இசியூவின் (எஞ்சின் கம்ப்யூட்டர்) சாக்கெட்டையும் பிடுங்கிவிடுங்கள். பின்பக்க வேலையென்றால் பெட்ரோல் டேங்க்கையும் இறக்கி வண்டியைவிட்டு விலக்கி வையுங்கள். வெல்டிங் தெரியாதவர்கள் இதை டிங்கரிங் பட்டறைக்கே கொடுக்கலாம். பிரைமர் அடிப்பதும், இணைப்புகளுக்கு சீலர் தடவுவதும், பெட்டி மாதிரி மூடிய பகுதிகளின் உள்ளே துருத்தடுப்பு மெழுகு ஊதுவதும் உங்கள் கையில் இருக்கட்டும். சேஸிஸே இத்திருந்தால் மேலே சொன்ன எதற்கும் பணம் போடாதீர்கள்.

எஞ்சினில் ஒன்றே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். நம் ஊர் வெயிலுக்குத் தேவையில்லை என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடும் பழக்கம் பல ஷெட்டுகளில் இருக்கிறது. எம்பிஎஃப்ஐ வண்டியில் அது நேரடியாகக் கெடுதல். எஞ்சின் சூடாகவில்லை என்று சென்சார் சொல்லிக்கொண்டே இருப்பதால் இசியூ பெட்ரோலை அதிகமாக ஊற்றும். மைலேஜ் விழும், எஞ்சின் ஆயிலில் பெட்ரோல் கலக்கும். வண்டி சூடாகிறதென்றால் ரேடியேட்டர் அடைப்பு, மூடி, வாட்டர் பம்ப் என்று காரணத்தைத் தேடுங்கள். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று முந்தைய ஓனருக்கே தெரியாவிட்டால் இப்போதே மாற்றிவிடுங்கள்.

மேம்படுத்துகிற வேலைகளில் நான் முதலிடம் தருவது ஹெட்லைட் ரிலேக்கு (சின்னக் கரண்ட்டால் பெரிய கரண்ட்டை இயக்கும் சுவிட்ச்). 60 வாட் பல்பு இரண்டும் சேர்ந்து 10 ஆம்பியர் இழுக்கின்றன. அந்தக் கரண்ட் முழுவதும் இருபது வருஷ சுவிட்ச், இருபது வருஷ ஒயர் வழியாகச் சுற்றி வருகிறது. எஞ்சின் ஓடும்போது மல்டிமீட்டரை பேட்டரியில் வைத்துப் பாருங்கள், பிறகு லைட்டைப் போட்டு பல்பின் காலில் வைத்துப் பாருங்கள். வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தாலே ஹாலஜன் வெளிச்சத்தில் கிட்டத்தட்ட 30 சதவீதம் போய்விடும். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்து 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர், டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு ரிலே, நல்ல எர்த். சுவிட்ச் வேலை செய்வது பாசிட்டிவ் பக்கமா எர்த் பக்கமா என்று டெஸ்ட் லைட்டில் உறுதி செய்துகொண்டு இணையுங்கள். பழைய பல்பே புதுசு மாதிரி எரியும், எதிரே வருகிறவர் கண்ணும் கூசாது.

இரண்டாவது, இரு ஹவுசிங்கின் பிரீதருக்கும் ரப்பர் குழாய் போட்டு பானெட் உயரத்துக்குக் கொண்டுபோவது. ஓடைக்குள் இறங்கும்போது சூடான ஹவுசிங் சட்டென்று குளிரும். உள்ளே காற்று சுருங்கி, பிரீதர் வழியாகவும் சீல் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சும். குழாய் உயரத்தில் இருந்தால் உறிஞ்சுவது காற்றாக இருக்கும். சில நூறு ரூபாயில் முடிகிற வேலை, டிஃபரென்ஷியலின் கிரௌன் பினியன் கியரைக் காப்பாற்றும்.

இனி லிஃப்ட். ஜிப்சியில் முன்னும் பின்னும் முழு ஹவுசிங். பட்டையை உயர்த்தினால் பாடி மட்டும்தான் மேலே போகும். கல்லில் இடிக்கிற டிஃபரென்ஷியல் உருண்டை அதே உயரத்திலேயே இருக்கும். அதை உயர்த்துவது டயர் மட்டுமே. கம்பெனி அளவான 205/70 ஆர்15 டயரின் விட்டம் சுமார் 668 மில்லிமீட்டர். 215/75 போட்டால் 703, அதாவது ஹவுசிங் 18 மில்லிமீட்டர் உயரும், ஸ்பீடோமீட்டர் 5 சதவீதம் குறைத்துக் காட்டும். எஞ்சின் இதைத் தாங்கும். 235/75 என்றால் 733, கியரிங் கிட்டத்தட்ட 10 சதவீதம் உயர்ந்துவிடும். ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கும்போது இந்தச் சின்ன எஞ்சின் திணறும், கிளட்ச்தான் அதற்கு விலை கொடுக்கும். மேலும் 4 இன்ச் உயர்த்தினால் ஸ்டியரிங் ராடின் கோணம், புரொப்பல்லர் ஷாஃப்டின் கோணம், பிரேக் ஹோஸின் நீளம் மூன்றையும் மாற்றியாக வேண்டும். நீள ஷேக்கிள் போட்டு உயர்த்தினாலோ காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) குறைந்து, நீங்கள் இப்போது போக்கப் பார்க்கும் உதறலும் அலைச்சலும் வேறு வழியில் திரும்பி வரும். தொய்ந்துபோன பட்டை செட்டைப் புதுசாக மாற்றுங்கள். இழந்த உயரம் திரும்பக் கிடைப்பதே உங்களுக்கு லிஃப்ட் போட்ட மாதிரி இருக்கும்.

வின்ச்சும் இரும்பு பம்பரும் சேர்ந்தால் முன்பட்டையின்மேல் எப்போதும் ஒரு ஆளை உட்கார வைத்ததற்குச் சமம். அதற்குப் பதில் சேஸிஸில் போல்ட் போட்ட நல்ல இழுவைக் கொக்கி முன்னும் பின்னும், ஒரு இழுவைப் பட்டை, ஒரு மண்வெட்டி, காற்றைக் குறைத்துத் திரும்ப அடிக்க ஒரு 12 வோல்ட் கம்ப்ரஸர். துணைக்கு இன்னொரு வண்டி இருந்தால் இவையே போதும்.

சட்டமும் இதே பக்கம்தான் நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவும், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பும், கம்பெனியின் அசல் அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்கின்றன. முன்பக்க இரும்பு கார்டுகள்மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி மத்திய அரசு 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது. உங்களுடையது 15 வருஷம் தாண்டிய வண்டி. ஆர்சி புதுப்பிக்க 5 வருஷத்துக்கு ஒருமுறை ஆர்டிஓ முன்னால் நிறுத்தியாக வேண்டும். அங்கே அசல் நிலையில் உள்ள வண்டிக்கு ஒரு பிரச்சினையும் வராது.

வேலையெல்லாம் முடித்து ரோட்டில் எடுக்கும்போது 4 வீல் டிரைவைத் தார் ரோட்டில் போடாதீர்கள். திரும்பும்போது முன்னும் பின்னும் வேறு வேறு தூரம் ஓட வேண்டியிருப்பதால் நடுவில் கியர்கள் முறுக்கிக்கொள்ளும். அதற்கு மண் வேண்டும், அல்லது ஈரம். முதல் 500 கிலோமீட்டர் கழித்து கிங்பின் போல்ட், யூ போல்ட், வீல் நட் எல்லாவற்றையும் டார்க் ரெஞ்சில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வீல் பேரிங்கையும் தூக்கி ஆட்டிப் பாருங்கள். ஆழமான தண்ணீரில் இறங்கி வந்தால் அன்றிரவு வண்டியை அசைக்காமல் நிறுத்தி, காலையில் எஞ்சினைப் போடுவதற்கு முன் இரண்டு ஹவுசிங்கின் வடிகால் பிளக்கையும் அரைச்சுற்று தளர்த்துங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனம் என்பதால் உள்ளே போயிருந்தால் முதல் சொட்டிலேயே தெரிந்துவிடும். ஆயிலே வந்தால் பிளக்கை இறுக்கிவிட்டுக் கிளம்பலாம். தண்ணீரோ பால் மாதிரி வெளுத்த ஆயிலோ வந்தால் முழுவதையும் வடித்துப் புதுசு ஊற்றிவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும்.